மலையேறி வந்த வீடு

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன், பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். அப்படியானால் பெட்டியில் இருக்கும் ஐந்து ரூபாயை எடுத்துப் போய் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்கிறார் அண்ணன். சித்தி சோறு போட்டுப் பணத்தை எடுத்துத் தருகிறார். பையன் அதில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்கிறான். மீதி இரண்டு ரூபாயோடு ஒரு சீட்டையும் எழுதி வைக்கிறான். தகப்பனின், அதாவது அருணாசலத்தின், கட்டளைப்படி அவரைத் தேடிப் போவதாகவும், யாரும் வருந்த வேண்டாம், தேடிப் பணத்தைச் செலவழிக்கவும் வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தான். உன் கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்பது கடைசிக் குறிப்பு. கையெழுத்து போடும் இடத்தில் வெறும் கோடு.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், ரமண மகரிஷி ஆவதற்கு முன் இவ்வுலகத்தோடு செய்த கடைசிக் கணக்குவழக்கு அது. இந்தச் சீட்டில் என்னைத் தொடுவது அந்தக் கோடு அல்ல. எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிற வேளையிலும் அண்ணனின் சம்பளம் கட்டப்படவில்லை என்ற நினைவு அவனுக்கு இருந்திருக்கிறதே, அதுதான். வீட்டை விட்டவன் வீட்டுக் கடனை மறைக்கவில்லை. எடுத்ததையும் விட்டதையும் எழுதி வைத்துவிட்டுத்தான் போனான்.

செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14 அன்று உடல் நீங்கும்வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. இதைத்தான் நாம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் நடந்த இன்னொன்றை அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர் விட்டு வந்த வீடு, கொஞ்சம் கொஞ்சமாக அவரைத் தேடி மலைக்கே வந்து சேர்ந்தது. அது வந்த பிறகு, ஞானத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே தமிழர்கள் காலங்காலமாகக் கட்டி வைத்திருந்த சுவர் மெல்லக் கரைந்தது.

முதலில் வந்தவர் அம்மா. 1898 டிசம்பரில் அழகம்மாள் மூத்த மகனோடு, வேங்கடராமன் இருந்த பவளக்குன்றுக்கு வந்தார். சடை பிடித்த தலையும் அழுக்கேறிய உடம்புமாக இருந்த பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அழுதார், வீட்டுக்கு வா என்று நாள்தோறும் கெஞ்சினார். பையன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் மனம் பொறாமல், பேசாவிட்டாலும் எழுதியாவது காட்டக்கூடாதா என்று காகிதமும் பென்சிலும் கொடுத்தார். அவரவர் ஊழின்படியே எல்லாம் நடக்கும், நடக்காதது என் முயற்சிக்கும் நடக்காது, ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது என்ற பொருளில் மகன் எழுதிக் கொடுத்தார். வேதாந்தத்தில் அது பெரிய வாக்கியம். பெற்ற வயிற்றுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கணவனை இழந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இரண்டாம் மகன் இருந்தும் இல்லாதவனானான். அடுத்து 1900-இல் மூத்த மகனும் இறந்துபோனார். அழகம்மாளின் அந்தப் பதினெட்டு ஆண்டுகளைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதே ஒரு செய்தி. ஞானியைப் பாடத் தமிழில் ஆயிரம் பேர் உண்டு. ஞானியைப் பறிகொடுத்த வீட்டைப் பாடியவர்கள் சிலர்தான்.

1916-இல் அழகம்மாள் மகனோடு இருக்கவே வந்துவிட்டார். அவர் தங்கியிருந்த விரூபாட்ச குகையில் இடம் போதாமல் மேலே ஸ்கந்தாசிரமம் எழுந்தது. அதுவரை அங்கே அடுப்பு என்று ஒன்று முறையாக எரிந்ததில்லை. சாதுக்கள் ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்து வருவார்கள், கிடைத்ததை எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். அம்மா வந்து அடுப்பு மூட்டினார். ஒரு குழம்பு, ஒரு கறி என்று சமையல் தொடங்கியது. அப்பளம் இடக் கூப்பிட்டபோது மகன் அதற்கு ஒரு பாட்டே கட்டிக் கொடுத்தார். உளுந்து இடிப்பது, பிரண்டைச் சாறு சேர்ப்பது, உருட்டி வட்டமாக இட்டுப் பொரிப்பது என்று அம்மாவின் கைவேலை அத்தனையையும் ஆத்ம விசாரமாக மாற்றிச் சொன்ன அப்பளப் பாட்டு அது. இதை வெறும் சமத்காரமாக நான் படிப்பதில்லை. அம்மாவுக்கு அவர் உபநிஷத்து வகுப்பு எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த வேலைக்குள்ளேயே வழி இருப்பதைக் காட்டினார்.

ஆனால் 'என் பிள்ளை' என்ற உரிமையை மட்டும் அவர் வளர விடவில்லை. பல நாட்கள் அம்மா பேசினால் பதில் சொல்லாமல், வேறு பெண்கள் பேசினால் பதில் சொல்வார். அம்மா குறைபட்டுக்கொள்வார். எல்லாப் பெண்களும் எனக்கு அம்மாக்கள்தான், நீ ஒருத்தி மட்டும் அல்ல என்பது அவர் நிலை. அம்மாவின் மடி ஆசாரத்தையும் வெங்காயத்தைத் தொடாத பிடிவாதத்தையும் கிண்டல் செய்வார். அதே மகன்தான், 1914-இல் அம்மா பார்க்க வந்த இடத்தில் விஷஜுரம் கண்டு படுத்தபோது வாரக்கணக்கில் கூட இருந்து கவனித்தவர், அவர் பிழைக்க வேண்டுமென்று அருணாசலத்திடம் வேண்டிப் பாட்டு எழுதியவர். எல்லாம் ஊழ்ப்படி என்று 1898-இல் எழுதிக் கொடுத்த அதே கைதான் இதையும் எழுதியது. இரண்டையும் முரண் என்று ஒதுக்கினால் அவரைத் தவறவிடுவோம் என்று நினைக்கிறேன். கடமையிலிருந்து அவர் விலகியது போலத் தெரிந்தது, கடமையோடு ஒட்டிக்கொண்டிருந்த 'எனது' என்பதிலிருந்து விலகியதுதான்.

1922 மே 19 அன்று அம்மாவின் கடைசிப் பகல் முழுதும் ஒரு கையை அவர் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரவு எட்டு மணிவாக்கில் மூச்சு நின்றது. எழுந்து வந்தவர் தீட்டு இல்லை, சாப்பிடலாம் என்றார். உடலை எரிக்காமல் மலையின் தென் அடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். சில மாதங்களில் அவரும் மலையிலிருந்து இறங்கி அந்தச் சமாதியருகே வந்து தங்கிவிட்டார். இன்று செங்கம் சாலையில் நாம் பார்க்கும் ரமணாசிரமம் முழுவதும் அந்த அம்மாவின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான். அதன் மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949-இல் குடமுழுக்கு நடந்தது. பட்டினத்தார் அம்மாவுக்குக் கொள்ளி வைக்கத் திரும்பி வந்தார், சங்கரர் வந்தார் என்று கதை கேட்டு வளர்ந்த ஊர் இது. அவர்கள் வந்தது ஒரு நாள் கடனுக்கு. இங்கே அம்மாவே ஆசிரமத்தின் அடித்தளம் ஆனார்.

தம்பி நாகசுந்தரமும் வந்தார். மனைவியை இழந்தவர். துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் என்ற பெயரில் ஆசிரமத்தின் சர்வாதிகாரி, அதாவது நிர்வாகப் பொறுப்பாளர், ஆனார். அவருடைய சின்னஞ்சிறு மகனை யார் வளர்த்தார்கள்? தங்கை அலமேலு. இந்த ஒரு வரியை எங்கே படித்தாலும் நான் சற்று நின்றுவிடுவேன். ஒருவர் துறக்க முடிகிறது என்றால், அவர் கீழே வைத்ததை இன்னொருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அன்றைய தமிழ்க் குடும்பத்தில் அப்படி எடுத்துக்கொண்டவர் பெரும்பாலும் ஒரு பெண்தான். அந்தப் பையன் (அவன் பெயரும் வேங்கடராமன்தான்) வளர்ந்து, பிற்பாடு ஆசிரமத் தலைவரானார். 1938-இல் பதிவு செய்த உயிலில், நிர்வாகம் தம்பியிடமும் அவர் வழித்தோன்றல்களிடமும் இருக்கட்டும் என்று மகரிஷி எழுதியிருந்தார். வீட்டை விட்டவர் விட்டுச்சென்ற நிறுவனத்தை அந்த வீட்டுப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.

எச்சம்மாளையும் சொல்ல வேண்டும். மண்டகொளத்தூரைச் சேர்ந்தவர். கணவனும் பிள்ளைகளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, துக்கம் தாளாமல் மலைக்கு வந்தார். விரூபாட்ச குகையில் மகரிஷியின் முன்னால் வெறுமனே நின்றார். மகரிஷி ஒன்றும் பேசவில்லை. துக்கம் இறங்கியது என்பார்கள். அன்றிலிருந்து 1945-இல் தான் மறையும்வரை தினமும் அவருக்குச் சோறு கொண்டு வந்தார். எடுத்து வளர்த்த பெண் செல்லம்மாளும் பிள்ளை பெற்றபின் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தபோது, அதைப் படித்த மகரிஷியின் கண்களில் நீர் கட்டியது. குழந்தையைக் கொண்டு வந்து அவர் கைகளில் கிடத்தியபோதும் அழுதார். பற்றற்றவர் அழுதார் என்பதை மறைத்துச் சொல்லும் பக்தர்கள் உண்டு. மறைக்கத் தேவையில்லை. ஞானம் என்றால் கல்லாகிப் போவது என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கண்ணீர் போதுமான பதில்.

எச்சம்மாளைப் பற்றிய இன்னொரு உண்மை கசப்பானது. அவரால் மலைக்கு வர முடிந்தது, வீட்டில் யாரும் மிஞ்சாததால். அழகம்மாளால் வர முடிந்தது, தாங்கிப்பிடிக்க வேண்டிய வீடு கலைந்துபோனதால். பதினாறு வயதுப் பையன் மூன்று ரூபாயோடு கிளம்பலாம். அதே வயதுப் பெண் 1896-இல் கிளம்பியிருந்தால் அவளை ஞானி என்றா ஊர் சொல்லியிருக்கும்? ஆசிரமத்திலும் பெண்கள் இரவு தங்கக்கூடாது என்று விதி இருந்தது. பொழுது சாய்ந்தால் சமையலறையில் வேலை செய்த பெண்களும் ஊருக்குள் தங்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

அந்தச் சமையலறைதான் மகரிஷியின் இன்னொரு பாடசாலை. விடிவதற்கு முன்பே எழுந்து வந்து காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். சாந்தம்மாள், சம்பூரணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்றவர்கள் அவர் கண் பார்வையில் சமைத்தவர்கள். எதுவும் வீணாகக் கூடாது, தோலும் காம்பும் மாட்டுக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் என்ன பரிமாறப்படுகிறதோ அதுவே தனக்கும், ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் ஏற்கமாட்டார். தியானத்துக்கு நேரமில்லாமல் அடுப்படியிலேயே கிடக்கிறோமே என்று அங்கே வேலை செய்தவர்களுக்கு ஏக்கம் இருந்திருக்கிறது. அவர்களை எழுப்பித் தியானக் கூடத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக அவரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். கட்டட வேலை பார்த்த அண்ணாமலை சுவாமிக்கும் அதே பாடம். கோசாலை கட்டும்போது வெயிலில் வந்து நின்று ஒவ்வொரு நுட்பமும் சொன்னவர் அவர். அச்சுப் பிழை திருத்துவார், புத்தகம் கட்டுவார். சும்மா இரு என்று உபதேசித்தவரின் கை சும்மா இருந்த நேரம் குறைவு.

1930களில் அவரிடம் வந்தவர்களைப் பார்த்தால் பாதிப் பேர் குடும்பஸ்தர்கள். வக்கீல், ஆசிரியர், ரெவின்யூ குமாஸ்தா. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றேதான்: வேலையை விட்டுவிடட்டுமா, வீட்டை விட்டுவிடட்டுமா? பெரும்பாலும் அவர் சம்மதிக்கவில்லை. நீ குடும்பஸ்தன் என்று ஏன் எண்ணிக்கொள்கிறாய், துறவியானால் துறவி என்ற எண்ணம் வந்து ஒட்டிக்கொள்ளும், மனம் கூடவேதானே வரும் என்கிற விதமாகத்தான் பதில் இருக்கும். ஒருவர் துணிந்து கேட்டுவிட்டார்: அப்படியானால் நீங்கள் மட்டும் சின்ன வயதில் ஏன் வீட்டை விட்டீர்கள்? அது என் பிராரப்தம், உன்னுடையது வேறு என்றார். தன் வழியை யாருக்கும் விதியாக அவர் வைக்கவில்லை. குருமார்கள் தங்கள் வாழ்க்கையையே சட்டமாக்கும் நாட்டில் இது சாதாரண நேர்மை இல்லை.

இன்று நிலைமை தலைகீழ். வீட்டை விடட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பௌர்ணமி என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேருந்து பேருந்தாக லட்சக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம்வரை பதினான்கு கிலோமீட்டர். மாமியார், மருமகள், தோளில் தூங்கும் பிள்ளை, அலுவலக நண்பர்கள். விடிந்ததும் வண்டி ஏறி வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். 1980களில்கூட இந்தக் கூட்டம் கிடையாது. ஆசிரமத்துக்கு எதிர்ப்புறமும் ரமண நகரிலும், வயல் இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடி வீடுகள். ஓய்வுபெற்ற தம்பதிகள் குடிவந்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஆண்டில் பாதியை இங்கே கழிக்கிறார்கள். ஆசிரம விருந்தினர் அறைகளில் பெண்களும் குடும்பங்களும் தங்குகிறார்கள்.

இதில் எனக்கு உள்ளபடியே நிறைவு தருவது பெண்கள்தான். நடுநிசியில் வாயு லிங்கத்தைத் தாண்டி ஐந்தாறு பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியபடி நடப்பதைப் பார்க்கும்போது, அன்றைய எச்சம்மாள் கொடுத்த விலையை இவர்கள் கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்று தோன்றும். எல்லாரையும் இழந்த பிறகுதான் மலை என்ற நிலை போய்விட்டது. ஆனால் முழுதாகப் போய்விட்டதா? ஒரு பௌர்ணமி இரவு எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த அம்மா, அடிஅண்ணாமலைவரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஏங்க, அத்தையோட பிரஷர் மாத்திரை பிரிட்ஜ் மேல வெச்சிருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க. தோசை மாவை உள்ள வெச்சுட்டீங்களா?" கால் மலையைச் சுற்றியது, மனசு அடுப்பைச் சுற்றியது. அதே கூட்டத்தில் எத்தனையோ ஆண்கள் நடந்தார்கள். அவர்களில் யாரும் மாவைப் பற்றி விசாரித்ததாக என் காதில் விழவில்லை.

இன்றைக்குப் பரவலாகியிருக்கும் இன்னொரு பேச்சு என்னைக் கவலைப்படுத்துகிறது. "பகவானே வீட்டிலேயே இருந்துகொண்டு செய்யலாம்னு சொல்லிட்டாரே" என்பது. மகரிஷி சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும் பேச்சு இது. வீட்டிலேயே இரு என்றதோடு, 'நான் செய்கிறேன்' என்பதை விடு என்றும் அவர் சொன்னார். முதல் பாதி சௌகரியமாக இருக்கிறது. இரண்டாம் பாதி, அலுவலகத்தில் பதவி உயர்வு கைவிட்டுப் போகும் நாளிலும், பிள்ளை நாம் சொன்ன படிப்பை எடுக்காத நாளிலும், அண்ணன் தம்பி சொத்துப் பேச்சிலும் சோதிக்கப்படும். துறவு அன்று ஒரே ஒரு முறை செய்ய வேண்டியதாக இருந்தது. திருவண்ணாமலை வந்ததும் அந்தப் பையன் செய்தது போல, பூணூலையும் மிச்சப் பணத்தையும் அய்யங்குளத்தில் வீசினால் வெளித்துறவு முடிந்தது. குடும்பத்தில் இருந்துகொண்டு செய்கிற துறவுக்கு அப்படி ஒரு குளம் கிடையாது. தினமும் காலையில் மறுபடி செய்ய வேண்டும். ஆகவே இன்றைய வழி எளியது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வீட்டைவிட்டுப் போவதும் இன்று நின்றுவிடவில்லை. அதன் தோற்றம் மாறியிருக்கிறது. பத்து நாள் மௌன முகாம், மாதக் கணக்கில் ஆசிரம வாசம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது தேவைப்படும் மனங்கள் இருக்கின்றன, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று அந்தப் பையன் எழுதிய சீட்டைப் போல, எதை எடுத்துக்கொண்டேன், எதைக் கட்டாமல் போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. போகிறவர் நிம்மதி அடைகிறார். அந்தப் பத்து நாளும் வீட்டில் வயதான அப்பாவுக்கு யார் இருந்தார்கள்?

ரமண நகரில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மென்பொருள் வேலை. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றானதும், ஊரில் தனியாக இருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். படி ஏற முடியாத அம்மா என்பதால் தரைத்தளமாகப் பார்த்து எடுத்தார். காலையில் சமைத்துவிட்டு அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஆசிரமத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவார். அந்த அம்மாள் மாத்ருபூதேசுவரர் சந்நிதியில் உட்காரத்தான் விரும்புவார், மகரிஷி சமாதியைவிட அங்கே காற்று நன்றாக வருகிறதாம். பத்து மணிக்கு மகன் மடிக்கணினி முன்னால் உட்கார வேண்டும். கிரிவலம் போவீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். "பௌர்ணமிக்கு முடியாதுங்க. ராத்திரி ரெண்டு தடவை அம்மாவை எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும். ஞாயித்துக்கிழமை அக்கா வருவா. அவ பாத்துப்பா, நான் மத்தியானம் சுத்திட்டு வந்துடுவேன்" என்றார். மத்தியான வெயில் சுடாதா என்றதற்கு, சுடும், ஆனால் கூட்டம் இருக்காது என்று சொல்லிவிட்டு, அம்மாவின் வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.